வடசென்னைக்கு முதல்முறை, இரண்டே நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தண்டையார்பேட்டைக்காரன். சொந்தக்காரர்களில் யார் சென்னைக்குக் கிளம்பினாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள், நான் சொல்வதும் ஒரே பதில்கள், ஒவ்வொரு தடவையும் எதையாவது சொல்ல மறந்துவிடுகிறேன். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இரண்டு நாளில் சென்னை முழுவதையும் பார்த்துவிட முடியுமா?

முடியாது. முயற்சி செய்தவர்களை எனக்குத் தெரியும். மதுரையிலிருந்து வந்த சித்தி மகன் ஒரே நாளில் மெரினா, மகாபலிபுரம், வண்டலூர், தி.நகர் என்று கிளம்பினான், ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தவனிடம் என்னடா பார்த்தாய் என்றால் கார் கண்ணாடி வழியாகப் பார்த்த டிராபிக்கைத்தான் சொன்னான். ஏதாவது ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது சென்ட்ரலிலிருந்து வடக்கே திருவொற்றியூர் வரைக்குமான கடலோரத் துண்டு. சுமார் பத்து கிலோமீட்டர்தான். செயின்ட் ஜார்ஜ் கோட்டை, பாரிமுனை, சவுக்கார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். இந்தப் பகுதியில் எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போகிறோம் என்பதுதான் முக்கியம். காசிமேட்டுக்குப் பதினொரு மணிக்குப் போனால் ஈரத் தரையும் காக்காயும்தான் இருக்கும். அதே பதினொரு மணிக்குத் தங்கசாலைத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அதனால் இடங்களைப் பட்டியல் போடாதீர்கள், நேரத்தைப் பட்டியல் போடுங்கள்.

வடசென்னை என்றாலே ரவுடிகள் என்று சொல்கிறார்களே, பாதுகாப்பாக இருக்குமா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை, கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், அப்புறம் அவர்கள் பார்த்த சினிமாவை நினைத்து அடங்கிவிடும். நாற்பது வருடமாக இங்கே இருக்கிறேன். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் எவ்வளவு கவனமாக இருப்பீர்களோ அவ்வளவு கவனம் போதும். நெரிசலான கடைத்தெருவில் செல்போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள், தெரியாத சந்தில் நடுராத்திரி போகாதீர்கள், குடித்துவிட்டு வம்புக்கு வருபவனோடு பேச்சுக் கொடுக்காதீர்கள். வேறு என்ன இருக்கிறது? இந்தப் பக்கம் கேரம் போர்டு இல்லாத தெருவைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான், அப்பா ஆட்டோ ஓட்டுபவர். வியாசர்பாடியில் சாயங்காலமானால் பையன்கள் பந்து உதைக்காத காலி இடமே கிடையாது. சினிமாக்காரர்கள் கேமராவை அந்தப் பக்கமும் கொஞ்சம் திருப்பலாம்.

எந்தக் கிழமையில் வருவது நல்லது?

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரில் ரயில் ஏறி, சனிக்கிழமை காலை இங்கே இறங்குங்கள். ஞாயிறு ராத்திரி திரும்பிவிடலாம். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, பாரிமுனை, சவுக்கார்பேட்டை மொத்தக் கடைகளில் பெரும்பாலானவை ஞாயிறு திறக்காது, காசிமேடு களைகட்டுவது ஞாயிறு விடியற்காலை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சனி, ஞாயிறுதான் கணக்குக்கு வருகிறது.

எந்த மாதம்?

ஜனவரி, பிப்ரவரி. மே மாதம் வந்தால் வெயில் உங்களைத் தின்றுவிடும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழை. நல்ல மழை பெய்தால் இங்கே சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும், கணேசபுரம் பக்கமெல்லாம் அன்றைக்குப் போகவே முடியாது.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, சின்னப் படகுகள் கொண்டுவரும் மீன் மட்டும்தான், விலையும் ஏறியிருக்கும். காசிமேட்டுக்காகவே வருகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். புரட்டாசியில் திருப்பதிக்குக் குடை போகும் ஊர்வலம் பாரிமுனையிலிருந்து கிளம்பி யானைகவுனி தாண்டும், அன்று அந்தப் பக்கம் வண்டி எதுவும் நகராது. ஊர்வலத்தையே பார்க்க வருகிறீர்கள் என்றால் அதைவிட நல்ல நாள் கிடையாது. அதேபோல ஆடி மாதம் ஞாயிறுகளில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், ஒலிபெருக்கி காதைக் கிழிக்கும், யார் போய் நின்றாலும் ஒரு சொம்பு கூழ் உண்டு.

எங்கே இறங்கி எப்படி வருவது?

சென்ட்ரலில் இறங்கினால் வேலை முடிந்தது, நீங்கள் ஏற்கெனவே வாசலில் நிற்கிறீர்கள். எழும்பூரில் இறங்கினால் மின்சார ரயிலில் பார்க், கோட்டை, அடுத்தது பீச் ஸ்டேஷன். தெற்கு மாவட்டங்களிலிருந்து அரசு பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஆட்டோவில் பாரிமுனைக்கு வர நினைக்காதீர்கள், நீங்கள் ஊரிலிருந்து வந்த பஸ் கட்டணத்தைவிட அதிகமாகக் கேட்பார்கள். மாநகரப் பேருந்தில் தாம்பரம் போய், பீச் வரை வரும் மின்சார ரயிலைப் பிடியுங்கள். ஆந்திரா பக்கமிருந்து வருபவர்களுக்கு மாதவரம். விமானத்தில் வருபவர்கள் பாக்கியவான்கள், மெட்ரோவின் நீல வழித்தடம் விமான நிலையத்தில் ஏறினால் சென்ட்ரல், உயர்நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று விம்கோ நகர் வரை ஒரே வண்டிதான்.

இங்கே சுற்ற எது வசதி? மெட்ரோவா, பஸ்ஸா, ஆட்டோவா?

மூன்றும் வேண்டும். வண்ணாரப்பேட்டையோடு நின்றிருந்த மெட்ரோ 2021 பிப்ரவரியில்தான் திருவொற்றியூர் தாண்டி விம்கோ நகர் வரை வந்தது. அதற்கு முன்னால் இந்தத் தொலைவைக் கடக்க நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. கட்டணம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50. காலை 5 மணிக்குத் தொடங்கும். ஸ்டேஷன்களில் கழிவறை இருக்கிறது. முதல்முறை வருபவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெயிலில் மூன்று மணி நேரம் நடந்த பிறகு தெரியும்.

மின்சார ரயில் இன்னும் மலிவு, 5 ரூபாயிலிருந்து டிக்கெட். ஆனால் ஒரு குழப்பம் உண்டு, புதிதாக வருபவர்கள் எல்லோரும் அதில் மாட்டுகிறார்கள். வடக்கே கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் வண்டிகள் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்தும் கிளம்பும், பீச்சிலிருந்தும் கிளம்பும். மூர் மார்க்கெட் வண்டி பேசின் பிரிட்ஜ் வழியாகக் கொருக்குப்பேட்டைக்குப் போய்விடும், ராயபுரம் ஸ்டேஷனைத் தொடாது. ராயபுரத்தில் இறங்க வேண்டும் என்றால் பீச்சிலிருந்து வடக்கே போகும் வண்டிதான்.

பஸ்ஸில் பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, முன்பக்கம் பிங்க் நிறம் அடித்திருக்கும். பாரிமுனையில் எந்த பஸ் எங்கே நிற்கும் என்பதை மட்டும் அங்கேயே யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள், போன வருடம் நின்ற இடத்தில் இந்த வருடம் நிற்கும் என்று நம்பாதீர்கள். ஆட்டோ என்றால் போன் செயலியில் கட்டணம் எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் பேசுங்கள். பத்து, இருபது கூடக் கேட்டால் ஏறிவிடுங்கள், இரண்டு மடங்கு கேட்டால் நடையைக் கட்டுங்கள், பின்னாலேயே கூப்பிடுவார்.

தங்க எங்கே?

உண்மையைச் சொன்னால் ராயபுரத்துக்கு வடக்கே வெளியூர்க்காரர் குடும்பத்தோடு தங்குகிற மாதிரி இடம் குறைவு. பெரியமேடு, வால்டாக்ஸ் ரோடு, எழும்பூர், மண்ணடி, இந்த வட்டத்துக்குள் தேடுங்கள். ரயிலில் வந்து ரயிலில் போகிறவர்கள் சென்ட்ரலிலேயே ரயில்வே ஓய்வறை கிடைக்கிறதா என்று பார்க்கலாம். ஒரே ஒரு பகல் போதும் என்பவர்கள் பொருள் பாதுகாப்பு அறையில் பையைப் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடக்கலாம்.

போனில் படம் பார்த்து முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். என் நண்பன் குடும்பத்துக்கு நானே அப்படி ஒரு லாட்ஜில் அறை போட்டுக் கொடுத்தேன். படத்தில் ஜன்னல் இருந்தது. நேரில் போனால் ஜன்னல் இருந்த இடத்தில் ஜன்னல் படம் போட்ட காலண்டர் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன். முன்பணம் கொஞ்சம் கொடுத்து, அறையைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

முதல் நாளை எப்படி ஓட்டுவது?

குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கோட்டை. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குக் கிடைத்த மணல் திட்டில் எழும்பியது, இன்றைக்குத் தலைமைச் செயலகம் அதற்குள்தான். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், வாசலில் சோதனை உண்டு. உள்ளே 1680இல் கட்டிய செயின்ட் மேரி தேவாலயத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வெளியே வந்து உயர்நீதிமன்றம் பக்கம் நடங்கள். சிவப்புக் கட்டடம், 1892இல் திறந்தது, அதன் உச்சிக் கோபுரம் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம். உள்ளே வேடிக்கை பார்க்க விடமாட்டார்கள், வெளியிலிருந்து பார்ப்பதே கண்கொள்ளாது. கடற்கரைச் சாலைப் பக்கத்து மதிலில் ஒரு கல்வெட்டு இருக்கும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் இந்த ஊர் மேல் குண்டு போட்டது, துறைமுகப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள் என்று என் தாத்தா அவருடைய அப்பா சொன்னதாகச் சொல்வார். இன்றும் கில்லாடியான ஆளை 'அவன் எம்டன்டா' என்கிறோம் இல்லையா, அந்த எம்டன் இதுதான்.

அங்கிருந்து சாலையைத் தாண்டினால் பாரிமுனை, உள்ளே நுழைந்தால் அரண்மனைக்காரத் தெரு. இங்கே எந்த அரண்மனையும் கிடையாது, தேடாதீர்கள். அர்மீனியர் தெரு என்பதுதான் தமிழ் வாயில் புகுந்து அரண்மனைக்காரன் ஆனது. 1772இல் கட்டிய அர்மீனிய தேவாலயம் இருக்கிறது, வெளியே தெருச் சத்தம் காதைப் பிளக்கும், உள்ளே நுழைந்தால் கல்லறைகளும் மரங்களும் மட்டும்தான். உலகத்திலேயே முதல் அர்மீனிய மொழிப் பத்திரிகை 1794இல் இந்தச் சென்னையில்தான் அச்சானது, அதை நடத்திய பாதிரியார் இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். மத்தியானத்துக்கு மேல் கதவைச் சாத்திவிடுவார்கள், அதனால் முற்பகலிலேயே போய்விடுங்கள். பக்கத்தில் அந்தோணியார் கோயில், செவ்வாய்க்கிழமையானால் எல்லா மதத்துக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். தம்புசெட்டித் தெருவில் காளிகாம்பாள். 1677இல் சிவாஜி மன்னர் வந்து கும்பிட்டார் என்று கோயிலில் சொல்வார்கள்.

பிறகு தங்கசாலைத் தெரு. கம்பெனியின் நாணயம் அடித்த இடம் என்பதால் அந்தப் பெயர், நாங்கள் 'மின்ட்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடம் இந்தத் தெருவில்தான் இருந்தது. இன்றைக்கு எஃகுப் பாத்திரமும் வளையலும் சரிகையும். பக்கத்தில் ஏழுகிணறு, கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க 1772இல் வெட்டிய கிணறுகளால் வந்த பெயர். அங்கே வீராசாமித் தெருவில் வள்ளலார் இளம் வயதில் வாழ்ந்த வீடு இருக்கிறது. அவர் சின்னப் பிள்ளையாகப் போய்ப் பாடிய கந்தகோட்டம் முருகன் கோயிலும் நடக்கிற தூரம்தான். இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். தெருவில் கைவண்டியும் மூட்டையும் மாடும் மோட்டார் சைக்கிளும் உங்களை இடித்துக்கொண்டு போகும்போது, திடீரென்று ஒரு வாசலுக்குள் நுழைந்தால் அத்தனையும் அடங்கிப் போயிருக்கும்.

காசிமேட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

நாலு மணிக்கு. ஆமாம், விடியற்காலை நாலு. மெட்ரோ கிடையாது, ஆட்டோதான், முந்தின ராத்திரியே ஒருவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை வரைக்கும் தாமதமானாலும் பரவாயில்லை, அதற்கு மேல் சுவாரசியம் குறையும்.

படகு கரைக்கு வந்ததும் கூடை கூடையாக இறங்கும், ஏலம் விடுபவர் சொல்கிற விலை நமக்குப் புரிவதற்குள் கூடை கைமாறிவிடும். ஏலத்தில் நீங்கள் கலந்துகொள்ள முடியாது, அது வியாபாரிகளுக்கு. தள்ளி நின்று பாருங்கள், சில்லறையாக விற்கும் அக்காக்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், அங்கே வஞ்சிரம், சங்கரா, கொடுவா, வவ்வால், கடம்பா, நண்டு, இறால் எல்லாம் கண்ணால் பார்க்கலாம், பேரம் பேசலாம். வாங்கினால் அங்கேயே வெட்டிச் சுத்தம் செய்து தர ஆட்கள் உண்டு, அதற்குத் தனிக் காசு.

செருப்பு பற்றி ஒரு வார்த்தை. தரை முழுக்க மீன் தண்ணீர். ரப்பர் செருப்பு போடுங்கள், பேண்டை மடித்துவிடுங்கள். திண்டுக்கல் சித்தப்பா வெள்ளை வேட்டியில் வந்தார், நான் எவ்வளவோ சொன்னேன், வேட்டி கட்டியே பழக்கம் என்றார். 'ஓரம் ஓரம்' என்று கத்திக்கொண்டு தலையில் கூடையோடு ஓடி வந்தவருக்கு அவர் ஒதுங்கவில்லை. கூடையிலிருந்து வழிந்த தண்ணீர் தோளில் தொடங்கி வேட்டி முனை வரை போனது. அந்த வேட்டியைச் சித்தி திரும்ப வீட்டுக்குள் விடவே இல்லை. 'ஓரம்' என்ற சத்தம் கேட்டால் யோசிக்காமல் ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான் அங்கே சட்டம். கூடைக்காரர் நின்றால் கூலி போய்விடும், நாம் நின்றால் ஒன்றும் போகாது.

படம் எடுக்கலாமா என்றும் கேட்பார்கள். ஆட்களை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். கேட்காமல் முகத்துக்கு நேரே நீட்டினால் கிடைக்கும் வசவு உங்கள் ஊரில் கேட்டிராததாக இருக்கும். துறைமுகத்தின் காவல் பகுதிகளை மட்டும் எடுக்க வேண்டாம்.

ராயபுரம் ஸ்டேஷனில் பார்க்க என்ன இருக்கிறது? பழைய கட்டடம்தானே?

பழைய கட்டடம்தான். ஆனால் தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் வாலாஜா வரைக்கும் போனது. பம்பாய், ஹவுரா இரண்டும் இதற்கு முந்தியவை என்றாலும் அங்கே முதலில் கட்டிய ஸ்டேஷன்கள் இன்று இல்லை, நம்முடையது நிற்கிறது. தூண்களைப் பாருங்கள். கொஞ்சம் பூசி வர்ணம் அடித்து வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது என் வருத்தம். கூட்டமே இருக்காது, காசிமேட்டிலிருந்து திரும்புகிற வழியில் அரை மணி நேரம் போதும்.

ராயபுரம் என்ற பெயர் ராயப்பரால் வந்தது, அதாவது பேதுரு, மீனவர்களின் புனிதர். அவர் பெயரில் உள்ள தேவாலயம் படகுக்காரர்கள் கட்டியது. அதே பகுதியில் பார்சிகளின் அக்னி ஆலயமும் இருக்கிறது, மற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை, வாசலோடு சரி. அரசியல் ஆர்வம் உள்ளவர்கள் ராபின்சன் பூங்காவை எட்டிப் பார்க்கலாம், 1949 செப்டம்பரில் கொட்டுகிற மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம். இப்போது அண்ணா பெயரில் இருக்கிறது, பெரியவர்கள் நடைப்பயிற்சி போகிறார்கள்.

கடலில் குளிக்கலாமா?

வேண்டாம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கரை முழுக்கக் கருங்கல் போட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் மெரினா போகாமலே திரும்பச் சொல்கிறீர்களா?

போய் வாருங்கள், யார் தடுத்தது. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். இந்தக் கடற்கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும், துறைமுகச் சுவர் அதை மறித்துவிட்டது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அவ்வளவு அகலம் ஆனது. வடக்குப் பக்கம் வர வேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது, தெருக்களும் குப்பங்களும் போயின, கடைசியில் கல்லைக் கொட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது உங்கள் காலடியில் இருப்பது எங்கள் மணல் என்று நாங்கள் உரிமையோடு சொல்வோம்.

சாப்பாட்டுக்கு?

இதற்கு மட்டும் ஒரு நாள் ஒதுக்கலாம். காலை நாஷ்டாவுக்கு எந்தத் தெருமுனையிலும் இட்லி, வடகறி கிடைக்கும், அசைவக்காரர்கள் பாயா கிடைக்கிறதா என்று கேளுங்கள். பகலில் தங்கசாலைத் தெருவில் காக்கடா ராம்பிரசாத் கடையில் சூடான ஜிலேபி, பாதாம் பால். ராத்திரி என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடை, பொடியும் நெய்யும் மிதக்கும் இட்லி, ஊத்தப்பம், நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். நெய் பிடிக்காதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம், குறைத்துப் போடச் சொன்னால் பாவமாகப் பார்ப்பார்கள்.

ஆனால் நான் வருபவர்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போவது அத்தோவுக்குத்தான். பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம், பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில் சாயங்காலம் வண்டிக்கடைகள் முளைக்கும். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, மிளகாய்த்தூள், கொஞ்சம் எண்ணெய், மேலே பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து தருவார்கள். கூட வாழைத்தண்டு சூப். சூப் தீர்ந்தால் கிண்ணத்தை நீட்டுங்கள், மறுபடி ஊற்றுவார்கள். வேகவைத்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் விட்டுத் தருவது இன்னொன்று, அதை ஒரே வாயில் போட வேண்டும், கடித்துப் பார்க்கலாம் என்று நினைத்தால் சட்டை போச்சு. முதல் கவளத்தில் இது என்ன ருசி என்று முகம் சுளிப்பீர்கள். மூன்றாவது கவளத்தில் இன்னொரு பிளேட் சொல்வீர்கள். என் கணக்கு இதுவரை தப்பியதில்லை, சித்தப்பாவைத் தவிர.

ரம்ஜான் மாதம் வந்தால் மண்ணடியில் ராத்திரி முழுக்கக் கடை. அது பற்றி எழுதினால் இந்தப் பக்கம் முடியாது.

பர்மா பஜாரில் செல்போன் மலிவாமே?

மலிவுதான். பெட்டியில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று போட்டுப் பாருங்கள். ரசீது, உத்தரவாதம் எல்லாம் எதிர்பார்ப்பவர்கள் பெரிய கடைக்குப் போய்விடுங்கள். நான் அங்கே வாங்குவது சென்ட் பாட்டிலும் சார்ஜர் வயரும் மட்டும்.

துணி என்றால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. தி.நகரில் பார்த்துவிட்டு இங்கே வந்து வாங்குபவர்கள் நிறைய. தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் மட்டும் அந்தத் தெருப்பக்கம் குழந்தைகளோடு போகாதீர்கள்.

மெட்ராஸ் பாஷை புரியுமா?

கொஞ்ச நேரம் பிடிக்கும். உங்களை 'இன்னா வேணும் உனக்கு?' என்று ஒருவர் கேட்டால் அவமரியாதை என்று நினைக்காதீர்கள். இங்கே 'நீ' என்பது பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி, மூத்த அம்மாக்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், கூடவே 'கண்ணு' சேரும். நீங்கள் பதிலுக்கு அண்ணா, அக்கா, வயதானவர் என்றால் ஆயா என்று சொல்லுங்கள், காரியம் நடக்கும். 'குந்து' என்றால் உட்கார். 'அப்பால வா' என்றால் அப்புறம் வா, தள்ளிப் போகச் சொல்லவில்லை. துட்டு, பேஜார், நைனா எல்லாம் தானாகப் பிடிபடும். தெலுங்கும் உருதும் இங்கிலீஷும் துறைமுகத்தில் இறங்கி எங்கள் நாக்கில் குடியேறிய கதை இது.

வழி கேட்கும்போது மட்டும் கவனம். 'தோ, கிட்டக்கதான்' என்பது இருநூறு மீட்டராகவும் இருக்கலாம், இரண்டு கிலோமீட்டராகவும் இருக்கலாம். இன்னொருவரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர்களும் இரண்டு மூன்று இருக்கும், பாரிமுனை, பாரிஸ், பிராட்வே என்று ஆளுக்கொன்று சொல்வார்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே இடம்தான். வள்ளலார் நகர் என்றால் மின்ட்.

பெண்கள் தனியாக வரலாமா?

என் தங்கையிடமே கேட்டேன், அவள் இருபது வருடமாக இங்கே வேலைக்குப் போய் வருபவள். பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், காசிமேட்டில் விற்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், அங்கே அவர்கள் ராஜ்ஜியம்தான் என்றாள். விடியற்காலை ஆட்டோவுக்குத் தெரிந்தவர் வழியாக ஏற்பாடு செய்துகொள்ளச் சொன்னாள். மின்சார ரயிலில் பெண்கள் பெட்டி உண்டு. ராத்திரி ஒன்பதுக்கு மேல் பீச் ஸ்டேஷன் பக்கம் ஆளே இருக்காது, அந்த நேரத்துக்கு மெட்ரோதான் நல்லது என்றும் சொன்னாள்.

திருவொற்றியூர் கோயிலுக்கு எப்போது போவது?

இரண்டாம் நாள் மாலை. விடியற்காலை எழுந்த அசதி போக மத்தியானம் தூங்கிவிட்டு நாலரை, ஐந்துக்குக் கிளம்புங்கள், நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். திருவொற்றியூர் தேரடி என்று மெட்ரோ ஸ்டேஷனே இருக்கிறது, இறங்கி நடந்துவிடலாம். தேவார மூவர் பாடிய சிவத்தலம். மூலவர் புற்று வடிவம், வருடம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் பார்க்கலாம். வடிவுடையம்மன் சந்நிதியில் பௌர்ணமி, அதுவும் வெள்ளிக்கிழமையில் வந்தால், கூட்டம் தெருவுக்கு வந்துவிடும். மேலூர் திருவுடையம்மன், இங்கே வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் மூவரையும் ஒரே நாளில் பார்க்கும் வழக்கம் உண்டு, முதல்முறை வருபவர்கள் அந்த ஓட்டத்தில் இறங்க வேண்டாம்.

உள்ளே மகிழ மரத்தைக் கேட்டுப் பாருங்கள். அந்த மூவரில் ஒருவரான சுந்தரர் சங்கிலியாரை மணந்தது இந்த ஊரில். உன்னைப் பிரியமாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்வதாகச் சொல்லிவிட்டு, அந்த நேரத்துக்கு மட்டும் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி சிவனிடமே பேசி வைத்தார். சிவன் சங்கிலியாரின் கனவில் போய், சத்தியத்தை மரத்தடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். சுந்தரர் மாட்டிக்கொண்டார். பிறகு திருவாரூர் நினைப்பில் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் பார்வை போனது. கொஞ்ச தூரத்தில் கடல் பக்கம் பட்டினத்தார் சமாதி. பொழுது சாய்வதற்குள் போய்விட்டு வந்துவிடுங்கள், அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் மலை மாதிரி வரும், குறுக்கே கடக்கும்போது குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

அங்கிருந்து மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் சென்ட்ரல். ராத்திரி ரயிலுக்கு நேரத்தோடு போய்விடலாம்.

எண்ணூர்?

அடுத்த தடவை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரமும், பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும், நடுவில் இறால் பிடிக்கிறவர்களும். அவசரமாகப் பார்த்துவிட்டு வருகிற இடம் அல்ல.

காசிமேட்டில் கருவாடு வாங்கி ரயிலில் கொண்டுபோகலாமா?

நெத்திலியோ வஞ்சிரமோ, நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள், அழுத்தினால் ஈரம் தெரியக்கூடாது. முதலில் செய்தித்தாள், அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர், மறுபடி ஒரு கவர், கட்டு இறுக்கமாக, பிறகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. டப்பாவை மின்ட் பக்கம் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள், ஞாயிறு கடை இருக்காது. ஏசி பெட்டியில் வேண்டவே வேண்டாம், காற்று உள்ளேயே சுற்றும். சித்தப்பா ஒரே ஒரு மஞ்சள் பையில் போட்டு இருக்கைக்கு அடியில் வைத்தார். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார், டிக்கெட் கேட்க அல்ல.